ஆயாவின் வேலை எது?

தமிழ்நாட்டை விட்டு வெளியே, தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ உத்தியோக நிமித்தம் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், குழந்தை பிறந்த ஆறாம் ஏழாம் மாதத்தில் ஒரு நெருக்கடி தோன்றுகிறது. பிரசவத்துக்காக ஊரிலிருந்து வந்திருந்த தாயார் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. மகப்பேற்று விடுப்பு முடிந்துவிடுகிறது. கணவன் மனைவி இருவருமே காலை ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியவர்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தோ, ஆள் சேர்த்துவிடும் தரகரிடம் சொல்லிவைத்தோ, ஒரு பெண்மணியை வரவழைக்கிறோம். சம்பளத்தைப் பற்றி அவரிடம் அரை மணி நேரம் பேசுகிறோம். வேலையைப் பற்றியோ அரை நிமிஷம்கூடப் பேசுவதில்லை. "குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற ஒரே வாக்கியத்தோடு அப்பேச்சு முடிந்துவிடுகிறது.

அந்த வாக்கியத்துக்குள் எவை அடங்கும், எவை அடங்கா என்பதே இங்கே நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். குழந்தையைப் பார்க்க வந்தவர் பாத்திரம் துலக்க வேண்டுமா? வீடு பெருக்க வேண்டுமா? பெரியவர்களின் துணிகளை மடித்து வைக்க வேண்டுமா? "வேண்டும்" என்பாரும் உளர். "கூடாது" என்பாரும் உளர். கேட்காமலே எதிர்பார்ப்பவர்கள்தாம் பெரும்பாலோர். நாமும் அப்பெரும்பாலோரில் ஒருவராக இருந்து பட்டுத் தெளிந்தவர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறோம்.

இக்குழப்பத்துக்குச் சொல்லும் ஒரு காரணம். ஆயா என்னும் சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. அங்கே அது குழந்தையை வளர்க்கும் பெண்ணைக் குறித்தது. வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களில் அது நிலைபெற்றது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களிலும் மருத்துவமனைகளிலுமோ, அதே சொல் தரை துடைப்பவரையும் தண்ணீர் எடுத்து வைப்பவரையும் குறிக்கலாயிற்று. போதாக்குறைக்கு, தமிழ்நாட்டின் சில பகுதிகளில் பாட்டியையும் ஆயா என்றே அழைக்கின்றனர். ஆகவே "ஆயா வைத்திருக்கிறோம்" என்று நாம் சொல்லும்போது, குழந்தை வளர்ப்பவர், துப்புரவு செய்பவர், உறவுக்காரக் கிழவி ஆகிய மூவரும் ஒரே சொல்லில் வந்து நிற்கிறார்கள். ஒருவருக்குரிய சம்பளத்தில் மூவருடைய வேலையும் நடக்க வேண்டும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டுவிடுகிறது.

பழந்தமிழில் இதற்குத் தனிச்சொல் இருந்தது. பெற்றவளை நற்றாய் என்றும் வளர்த்தவளைச் செவிலித்தாய் என்றும் நம் அகப்பாடல்கள் பிரித்தே பேசுகின்றன. தலைவியின் உயிர்த்தோழியாக வருபவள் செவிலியின் மகளே என்பது தொல்காப்பியம் வகுத்த இலக்கணம். தலைவன் பின் சென்றுவிட்ட மகளைத் தேடிப் பாலை வழியே அலைபவளும் செவிலியே. இல்லத்தில் அவளுக்கிருந்த இடம் அத்தகையது. அந்தச் சொல்லை நாம் புத்தகத்தில் விட்டுவிட்டு, ஆயாவை மட்டும் வீட்டுக்குள் அழைத்து வந்திருக்கிறோம்.

மேலே சொன்ன பங்களாவில்கூட ஓர் ஒழுங்கு இருந்தது. சமைக்க கான்சாமா, தண்ணீர் சுமக்க பிஸ்தி, துணி வெளுக்க தோபி, தோட்டத்துக்கு மாலி, குழந்தைக்கு ஆயா என்று வேலைகள் பிரிந்திருந்தன. அப்பிரிவினையில் சாதியின் கொடுமை கலந்திருந்தது. அதைப் புகழ்வதற்கு நாம் வரவில்லை. ஆயினும் ஐந்து பேர் செய்த வேலையை இரண்டு அறைகள் கொண்ட அரசாங்கக் குடியிருப்பிலே ஒரே பெண்மணியிடம் எதிர்பார்க்கும் வழக்கம் நம் காலத்தில்தான் ஏற்பட்டது.

இனி, நம் வீட்டு அனுபவத்தைச் சொல்லுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் எங்கள் மகளுக்கு எட்டு மாதம் நடந்துகொண்டிருந்தபோது, ஜார்க்கண்டின் சிம்தேகா மாவட்டத்துப் பெண்மணி ஒருவர் பகல் நேர வேலைக்கு வந்து சேர்ந்தார். நாங்கள் அவரைத் தீதி என்று அழைத்தோம். அமைதியானவர், குழந்தையிடம் ஓயாது பேசுவார். (அதன் பயனாக, எங்கள் மகள் 'தண்ணீர்' என்று சொல்வதற்கு முன்பே 'பானீ' என்று சொல்லக் கற்றாள். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய பாட்டிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.) முதல் மாதம் குழந்தையின் வேலை மட்டுமே நடந்தது. இரண்டாம் மாதத்தில் "குழந்தை தூங்கும்போது கொஞ்சம் காய்கறி நறுக்கி வைத்தால் நன்றாயிருக்கும்" என்றோம். அவர் மறுக்கவில்லை. பின்னர் காய்ந்த துணி கொஞ்சம். மேஜையில் தூசி கொஞ்சம். காஸ் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பது கொஞ்சம். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு அச்சொல்லின் இரட்டைப் பொருள் அப்போது புலப்படவில்லை. தமிழில் 'கொஞ்சம்' என்பது அளவைக் குறிக்கும் சொல். பணிவாகக் கேட்பதற்கும் அதையே பயன்படுத்துகிறோம். இந்தியில் 'ஜரா' என்பதும் அப்படியே. பணிவுக்காகச் சொன்ன கொஞ்சத்தை அளவாக எண்ணிக்கொண்டு, கேட்டது சிறிதுதான் என்று நாமே நம்பிவிடுகிறோம்.

மே மாதத்தில் ஒரு நாள் பிற்பகல். தில்லியில் வசிப்போர் 'ஆந்தி' எனப்படும் புழுதிப்புயலை அறிவர். வானம் மஞ்சள் பூத்துச் சில நிமிஷங்களில் காற்று சுழற்றி அடிக்கும். மொட்டை மாடியில் வடாம் காய்ந்துகொண்டிருந்தது. அலுவலக ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, "வடாத்தைக் கொஞ்சம் எடுத்து வைத்துவிடுங்கள்" என்று சொன்னது நாமே. தீதி மூன்று மாடிப்படி ஏறிப் போனார். குழந்தை கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. எங்கள் பகுதியில் குழாயில் குறிப்பிட்ட நேரத்தில்தான் தண்ணீர் வரும். அதனால் குளியலறையில் வாளி எப்போதும் நிரம்பியிருக்கும். அவர் திரும்பி வந்தபோது, குழந்தை தவழ்ந்து போய், வாளியின் விளிம்பைப் பற்றி எழுந்து நின்று, தலையை உள்ளே கவிழ்த்துத் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தது. முன்மயிர் நனைந்திருந்தது. வேறொன்றும் நேரவில்லை.

மாலையில் இதை எங்களிடம் சொன்னவரும் அவரே. மறைத்திருந்தால் நமக்குத் தெரிந்திருக்காது. கேட்ட மாத்திரத்தில் நாம் செய்த முதற்காரியம், "குழந்தையைத் தனியே விட்டுப் போகலாமா?" என்று அவரைக் கடிந்துகொண்டதுதான். அவர் பதில் சொல்லாமல், எடுத்து வைத்த வடாத் தட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு எங்களுக்கும் பேச்சு எழவில்லை.

தவழும் பருவத்துக் குழந்தைக்கு உடலின் அளவை நோக்கத் தலை கனம் அதிகம். வாளிக்குள் தலைகுப்புற விழுந்தால் தானே நிமிர இயலாது. சில அங்குல நீரே உயிருக்கு ஆபத்தாகிவிடும். அப்போது சத்தமும் எழாது. அழுகுரல் கேட்டு ஓடி வரலாம் என்பது வீண் நம்பிக்கை. நாணயம், பொத்தான், கடலைப் பருப்பு என்று கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் இட்டுக்கொள்ளும் வயதும் இதுவே. இவ்வளவுக்கும் காவல் ஒன்றுதான்: ஒருவருடைய கண். கை வேறு வேலையில் இருக்கும்போது கண்ணும் அங்கேதான் இருக்கும். எண்ணெய் கொதிக்கும் வாணலியை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்ப்பதும், குழந்தையை விட்டுவிட்டு வாணலியைப் பார்ப்பதும் இரண்டும் அபாயந்தான்.

அபாயம் நேராவிட்டாலும் இழப்பு உண்டு. உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2018-இல் வெளியிட்ட குழந்தைப் பேணல் திட்ட வரைவில், உடல்நலம், உணவு, பாதுகாப்பு, கற்றல் வாய்ப்பு ஆகியவற்றோடு, குழந்தையின் குறிப்பறிந்து மறுமொழி தரும் கவனிப்பையும் தனியோர் அங்கமாகக் கூறியிருக்கிறார்கள். குழந்தை 'ஆ' என்றால் நாமும் 'ஆ' என்பது, அது சுட்டும் காக்கையைப் பார்த்துக் 'காக்கா' என்பது ஆகியவைதாம் இதன் பொருள். பார்ப்பவருக்கு, ஆயா சும்மா உட்கார்ந்து வாயாடிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். உண்மையில் அவருடைய வேலையின் சாரம் அதுவே.

"நம் பாட்டிமார் செய்யவில்லையா? இடுப்பில் குழந்தை, கையில் கரண்டி என்றுதானே வளர்த்தார்கள்?" என்று கேட்பவர்களுக்குச் சமாதானம் சொல்ல வேண்டும். செய்தார்கள் என்பது மெய்யே. ஆனால் அந்த வீடுகளில் பாட்டி தனியாக இல்லை. ஓர்ப்படி இருந்தாள், விதவை அத்தை இருந்தாள், பத்து வயது அக்காள் இருந்தாள், திண்ணையில் தாத்தா இருந்தார். ஒருத்தி அடுக்களைக்குள் நுழைந்தால் இன்னொருத்தியின் மடி காலியாக இருந்தது. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை பூட்டிய கதவுக்குள் குழந்தையுடன் ஒற்றையாய் இருப்பவர் பாட்டியின் நிலையில் இல்லை.

அடுத்து, நடுத்தரக் குடும்பத்தாரின் முறையீட்டையும் கேட்க வேண்டும். அதைத் தள்ளிவிடுதல் நியாயமாகாது. ஒருவருடைய சம்பளத்தில் கணிசமான பங்கு ஆயாவுக்கே போய்விடுகிறது. குழந்தையோ பகலில் இரண்டு மணி நேரம் தூங்குகிறது. அந்நேரத்தில் அவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாரே என்பதுதான் அம்முறையீடு. இதற்கு நாம் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ரயில்வே கேட்டில் காவலிருப்பவர் இரண்டு வண்டிகளுக்கு இடையே உட்கார்ந்துதான் இருக்கிறார். அந்நேரத்தில் அருகிலுள்ள வயலில் களை பிடுங்கி வரலாமே என்று யாரும் அவரைக் கேட்பதில்லை. விழித்துக் காத்திருப்பதற்காகத்தான் அவருக்குச் சம்பளம். மேலும், ஒரு கைக்குழந்தையோடு முழு நாளும் இருந்து பார்த்தவர்கள், அந்த இரண்டு மணி நேரம் இல்லாமல் மீதி நாளைத் தள்ள முடியாது என்பதை அறிவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தை உறங்கியதும் நாம் என்ன செய்கிறோம் என்பதை எண்ணிப் பார்த்தால் போதும்.

இதில் நம் சர்க்காரே ஒரு தீர்ப்புக் கூறியிருக்கிறது என்று நாம் கருதுகிறோம். மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல், பணிக்காலம் முழுவதிலுமாக 730 நாள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று ஒன்று உண்டு. மனைவி இல்லாது தனியே குழந்தை வளர்க்கும் ஆண் ஊழியருக்கும் பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. குழந்தையைக் கவனிப்பதும் கோப்பைக் கவனிப்பதும் ஒரே நேரத்தில் ஒருவரால் ஆகாது என்பதை ஒப்புக்கொண்டுதானே அந்த விடுப்பு! அவ்விடுப்பில் இருப்பவருக்கு, "குழந்தை தூங்கும்போது இரண்டு சுற்றறிக்கையை மொழிபெயர்த்து அனுப்புங்கள்" என்று ஆணை வந்தால் நாம் பொறுப்போமா?

புள்ளிவிவரக்காரர்களும் இவ்விரண்டையும் பிரித்தே வைக்கிறார்கள். சர்வதேசத் தொழில் வகைப்பாட்டில் குழந்தைப் பராமரிப்பாளருக்கு 5311 என்ற எண். வீடு துப்புரவு செய்வோருக்கும் உதவியாளருக்கும் 9111. இரண்டும் வேறு வேறு பெரும்பிரிவுகள். முன்னதற்கு ஒரு படி மேலான திறமை வேண்டும் என்பது அவ்வகைப்பாட்டின் கொள்கை. நம் நாட்டில் 2024-இல் நடந்த காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பிலும், ஊதியமின்றி வீட்டு வேலை செய்த நேரம் ஒரு தலைப்பிலும், வீட்டாரைப் பராமரித்த நேரம் வேறொரு தலைப்பிலும் எழுதப்பட்டன. வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிஷமும், ஆண்கள் 88 நிமிஷமும் அதற்குச் செலவிட்டனர். பராமரிப்பில் அக்கணக்கு 137-ம் 75-ம் ஆகும். இவ்வெண்களைப் பார்க்கையில் ஒன்று தோன்றுகிறது. வீட்டுத் தலைவிக்கும் ஆயாவுக்கும் இடையே பாத்திரத்தைப் பற்றி மனத்தாங்கல் எழும்போது, அந்த 88 நிமிஷக்காரர் பெரும்பாலும் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார். ஒருத்தியின் சுமையை இன்னொருத்தியின் தலைக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கிறது என்பது அவர் காதுக்கு எட்டுவதில்லை.

சந்தை நிலவரமும் இதையே கூறும். தில்லியில் பகுதிநேர வேலைக்கு வருபவர்கள் 'ஜாடூ-போச்சா', 'பர்த்தன்', 'கானா' என்று பெருக்கித் துடைப்பதற்கும், பாத்திரத்துக்கும், சமையலுக்கும் தனித்தனியே சம்பளம் பேசுகின்றனர். மும்பையில் 'ஜாடூ-கட்கா' என்பதும் அப்படியே. ஒவ்வொன்றுக்கும் விலை உண்டென்பது ஊரறிந்த செய்தியாயிருக்க, குழந்தையைப் பார்க்க வந்தவர் மட்டும் அவற்றை விலையின்றிச் செய்ய வேண்டும் என்பது என்ன நியாயம்? இதில் தரகர்களின் பங்கும் உண்டு. "ஸப் குச் கர் லேகீ", அதாவது, "எல்லாம் செய்வாள்" என்று அவர்கள் வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த 'எல்லாம்' எது என்று, செய்யப்போகிறவரை யாரும் கேட்பதில்லை. வீட்டோடு தங்கி வேலை செய்பவர்களின் நிலை இன்னும் கடினம். பகல்நேரப் பணியாளருக்கு மாலை ஆறு மணி என்ற எல்லையாவது இருக்கிறது. இரவில் குழந்தையின் அறையிலேயே பாய் விரித்துப் படுப்பவருக்கு அதுவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். அதிகம் சொல்லவில்லை. 2008-ஆம் ஆண்டின் அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வீட்டுப் பணியாளரையும் தொழிலாளராக ஏற்றது. 2013-இல் இயற்றப்பட்ட, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் அவர் வேலை செய்யும் வீட்டையும் பணியிடமாகக் கொண்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் நிறைவேற்றிய 189-ஆம் உடன்படிக்கை, செய்ய வேண்டிய வேலை எது என்பதை முன்கூட்டியே பணியாளருக்குப் புரியும்படி தெரிவிக்க வேண்டும் என்றும், வாரத்தில் தொடர்ந்து 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் கூறுகிறது. அதை ஆதரித்து வாக்களித்த இந்தியா இன்னும் அதை உறுதி செய்து ஏற்கவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டுப் பணியாளருக்கெனத் தனிச்சட்டம் வேண்டுமா என்பதை ஆராயக் குழு அமைக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. ஆகவே, ஆயாவின் வேலைக்கு எல்லை வகுக்கும் அதிகாரி இன்றைக்கு நம் கதவுக்கு வெளியே இல்லை; உள்ளே இருக்கும் நாமேதான்.

நம்மவர் மனத்தில் பதிய வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. வேற்று மாநிலத்தில் தமிழர் என்றால் உத்தியோகஸ்தர் என்றே நினைத்துக்கொள்கிறோம். தில்லியில் ஜங்க்புராவை அடுத்து, பாராப்புல்லா வாய்க்கால் ஓரமாக மதராஸி கேம்ப் என்றொரு குடிசைப் பகுதி பல்லாண்டுகள் இருந்தது. அங்கிருந்த தமிழ்ப் பெண்களில் பலர் சுற்றுப்புறக் காலனிகளில் வீட்டு வேலை செய்தே பிழைத்தனர். 2025 ஜூனில் அக்குடிசைகள் இடிக்கப்பட்டன. ஒரு பகுதியினருக்கே நகரின் வடகோடியிலுள்ள நரேலாவில் மாற்று வீடு என்றாயிற்று. அங்கிருந்து காலை வேலைக்கு ஜங்க்புரா வந்து சேர்வது எளிதன்று. அப்படிப்பட்ட ஒருவர் நம் வீட்டுக்கு வந்தால், தமிழ் கேட்ட மகிழ்ச்சியில் 'அக்கா' என்கிறோம். அடுத்த நாளே "நம்ம அக்காதானே" என்று மாவரைக்கும் வேலையும் அவர் தலையில் ஏறிவிடுகிறது. உறவுச் சொல்லை அன்புக்காகச் சொல்லலாம். சம்பளத்தைக் குறைப்பதற்காகச் சொல்லுதல் தகாது.

அப்படியானால் குழந்தையைப் பார்ப்பவர் துடைப்பத்தையே தொடலாகாதா? அவ்வாறு நாம் கூறவில்லை. குழந்தையால் உண்டாகும் வேலை அவருடையதே: அதன் கஞ்சியைக் காய்ச்சுவது, கிண்ணத்தையும் பால் புட்டியையும் கழுவிக் கொதிநீரில் இடுவது, சின்னத் துணிகளை அலசுவது, அது சிந்தியதைத் துடைப்பது. இவற்றில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. வீட்டுக்குப் பொதுவான வேலை அவருடையதன்று. அவரே விரும்பி, "பிற்பகலில் பாத்திரத்தையும் சேர்த்துச் செய்கிறேன், இவ்வளவு கொடுங்கள்" என்று கேட்டால், அது தனி ஏற்பாடு. அதற்குத் தனிச் சம்பளம். அதுவும் குழந்தை உறங்கும்போது மட்டும். அத்தகைய ஏற்பாட்டை விரும்பும் பெண்களும் உளர்; அவர்களுடைய வருவாயை நம் கொள்கைக்காகத் தடுப்பதும் முறையன்று. குழந்தை விழித்திருக்கும் நேரத்தில், எத்தனை சம்பளம் கொடுத்தாலும், மொட்டை மாடிக்கு அனுப்பலாகாது.

வாளி நிகழ்ச்சிக்கு மறுநாள் மாலை, தீதியை உட்காரவைத்து, இவற்றையெல்லாம் ஒரு தாளில் இந்தியில் எழுதினோம். வேலை நேரம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, குழந்தையின் சாப்பாடு, குளியல், துணி, புட்டி என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்து, அலுவலகப் பழக்கத்தால் கடைசியில் 'வகைரா' என்று முடித்தோம். தமிழிலும் நாம் 'வகையறா' என்று எழுதுகிற அதே சொல். தீதிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். தாளை இரண்டு முறை படித்துவிட்டு, அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டார். இதைப் போன்ற பிற சில்லறை வேலைகள் என்று சொன்னோம். "அப்படியானால் வடாமும் இதற்குள் வந்துவிடுமே" என்றார். 'வடாம்' என்பதை மட்டும் அவர் தமிழிலேயே சொன்னார். அச்சொல்லை அடித்துவிட்டு, கீழே இரு தரப்பாரும் கையெழுத்திட்டோம்.